வேளாண்மைப் பட்டயப்படிப்பு (தமிழ்நாடு)

வேளாண்மைப் பட்டயப்படிப்பு என்பது மேல்நிலைப் பள்ளிக் கல்விக்கும் இளநிலைப் பட்டப்படிப்புக்கும் இடையில் அமைந்த, பயிர்த்தொழில் சார்ந்த ஒரு தொழிற்கல்வி ஆகும். தமிழ்நாட்டில் இது இரண்டு ஆண்டுகள், அதாவது நான்கு பருவங்கள் கொண்டது. ஆராய்ச்சி நிலையத்தில் கண்டறியப்படும் ஒன்றை உழவரின் நிலத்துக்குக் கொண்டு செல்லவும், நிலத்தில் காணப்படும் சிக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்குத் தெரிவிக்கவும் வல்ல களப்பணியாளர்களை உருவாக்குவதே இதன் நோக்கம்.

இப்படிப்பு பெரும்பாலும் சமவெளி வேளாண்மையை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டது. மலைப்பகுதியில் அதன் பயன் எவ்வளவு, குறை எவ்வளவு என்பதை அறிய நீலகிரி மாவட்டத்தின் கோத்தகிரி வட்டாரம் தக்க எடுத்துக்காட்டாகும். எனவே இக்கட்டுரையின் பெரும்பகுதி அவ்வட்டாரத்தை ஒட்டியே அமைகிறது.

சொல் விளக்கம்

பட்டம், பட்டயம், சான்றிதழ் ஆகிய மூன்றும் பேச்சு வழக்கில் அடிக்கடி ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளப்படுகின்றன. பட்டம் என்பது பல்கலைக்கழகம் வழங்கும் இளநிலை, முதுநிலைத் தகுதி. வேளாண்மையில் இளநிலைப் பட்டம் நான்கு ஆண்டுப் படிப்பு. பட்டயம் என்பது அதற்குக் கீழ்நிலைத் தகுதி; பேச்சில் 'டிப்ளமோ' என்பர். இலங்கைத் தமிழில் 'டிப்ளோமா' என எழுதுவது வழக்கம். சான்றிதழ்ப் படிப்பு சில நாட்களிலிருந்து சில மாதங்கள் வரை நீளும் பயிற்சி. காளான் வளர்ப்பு, தேனீ வளர்ப்பு, நாற்றங்கால் தொழில்நுட்பம் போன்றவற்றுக்கு இவ்வகைப் படிப்புகள் உள்ளன.

இந்த வேறுபாடு வெறும் சொல் வேறுபாடு அன்று. அரசுப் பணிக்கும் கடை உரிமத்துக்கும் எந்தத் தகுதி செல்லும் என்பது இதைப் பொறுத்தே முடிவாகிறது. 'பட்டயம்' என்ற ஒரே பெயரில் ஓராண்டுப் படிப்பும் இரண்டாண்டுப் படிப்பும் இருப்பதால் மாணவர்கள் ஏமாறுவதும் உண்டு.

வரலாறு

தமிழ்நாட்டு வேளாண்மைக் கல்வியில் பட்டயமே முதலில் வந்தது. பட்டம் பின்னர் வந்தது. 1868-ஆம் ஆண்டு சென்னை சைதாப்பேட்டையில் தொடங்கப்பட்ட வேளாண்மைப் பள்ளியே இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோற்றுவாய் ஆகும். அது 1906-இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. 1920-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. 1971-இல் தனிப் பல்கலைக்கழகம் ஆயிற்று.

விடுதலைக்குப் பின், 1952-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டபோது ஊர்தோறும் சென்று பணியாற்றும் கிராம சேவகர்கள் தேவைப்பட்டனர். வேளாண்மை, கால்நடை, சுகாதாரம் என எல்லாவற்றையும் சிறிது சிறிது கற்றவர்கள் இவர்கள். எல்லாம் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டதே இம்முறையின் வலுவின்மை. 1981 முதல் உலக வங்கி உதவியுடன் தமிழ்நாட்டில் 'பயிற்சியும் பார்வையிடலும்' என்ற முறை நடைமுறைக்கு வந்தது. இதன்படி களப்பணியாளர் வேளாண்மையை மட்டுமே கவனிப்பார். குறித்த நாளில் குறித்த ஊருக்குச் செல்வார். இரு வாரங்களுக்கு ஒரு முறை பயிற்சி பெறுவார். வேளாண்மையில் தனிப்பயிற்சி பெற்ற, ஆனால் ஊரில் தங்கிப் பணியாற்ற மனமுள்ள பணியாளரின் தேவை இதனால் கூடியது. இன்றைய பட்டயதாரர் அந்த இடத்தை நிரப்புபவர்.

இதற்கிடையே இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. 1978-இல் மேல்நிலைக் கல்வி அறிமுகமானபோது தொழிற்கல்விப் பிரிவில் வேளாண்மையும் ஒரு பாடமாயிற்று. 1979-இல் தோட்டக்கலைத் துறை, வேளாண்மைத் துறையிலிருந்து தனித்துறையாகப் பிரிக்கப்பட்டது. பின்னதன் விளைவு நீலகிரியில் பெரிது; அது கீழே விளக்கப்படுகிறது.

சேர்க்கையும் பாடங்களும்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வேளாண்மை, தோட்டக்கலை, வேளாண்மைப் பொறியியல் ஆகியவற்றில் பட்டயப்படிப்புகள் உள்ளன. திருச்சிராப்பள்ளி மாவட்டம் குமுளூரிலும், புதுக்கோட்டை மாவட்டம் வம்பனிலும் வேளாண்மைப் பட்டயமும், கன்னியாகுமரி மாவட்டம் பேச்சிப்பாறையில் தோட்டக்கலைப் பட்டயமும் நடத்தப்பட்டு வந்துள்ளன. பல்கலைக்கழகத்துடன் இணைந்த தனியார் நிறுவனங்களிலும் இவை கற்பிக்கப்படுகின்றன. அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் காந்திகிராம கிராமிய நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் தனியே வேளாண்மைப் பட்டயம் வழங்கி வந்துள்ளன.

மேல்நிலை இரண்டாம் ஆண்டில் அறிவியல் பாடங்களையோ வேளாண் தொழிற்கல்வியையோ படித்துத் தேறியவர்கள் மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கப்படுகின்றனர். தமிழ்வழியிலும் படிக்க முடிவது இப்படிப்பின் சிறப்பு. இளநிலைப் பட்டம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும்போது, உழவரிடம் தமிழில் பேச வேண்டியவருக்கான படிப்பாவது தமிழில் நடப்பது பொருத்தமே.

உழவியல், மண்ணியல், பூச்சியியல், பயிர் நோயியல், விதைத் தொழில்நுட்பம், தோட்டக்கலை, பண்ணைக் கருவிகள், வேளாண் பொருளியல், விரிவாக்கக் கல்வி, கால்நடை வளர்ப்பு ஆகியன பொதுவான பாடங்கள். வகுப்பறை நேரத்துக்கு ஈடாகச் செய்முறை நேரமும் உண்டு. மாணவர்கள் நிலம் தயாரிப்பது முதல் அறுவடை வரை ஒரு பயிரைத் தாமே வளர்த்து, செலவு வரவுக் கணக்கு எழுதுவர். இந்தக் கணக்கேட்டைப் பல மாணவர்கள் சுமையாகக் கருதினாலும், பட்டயம் முடித்தபின் பெரிதும் உதவுவது அதுவே.

கோத்தகிரி வட்டாரம்

கோத்தகிரி, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில், நீலகிரியின் கிழக்கு விளிம்பை ஒட்டி அமைந்த ஊர். மேட்டுப்பாளையத்திலிருந்து மலைப்பாதை வழியே 33 கி.மீ. தொலைவு. இப்பெயர் இங்கு வாழும் கோத்தர் இனத்தவரைக் குறித்தது. மண்வெட்டி, அரிவாள் போன்ற வேளாண் கருவிகளைச் செய்து தரும் கொல்லர்களாகக் கோத்தர்கள் மலையின் பிற மக்களுக்கு இருந்தனர். அருகிலுள்ள திம்பட்டியில் 1819-இல் ஜான் சல்லிவன் முகாமிட்டார். கன்னேரிமுக்கில் அவர் கட்டிய மாளிகை இன்றும் உள்ளது.

மலைமேல் வேளாண் சோதனைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1830-களில் கேத்தியில் அரசு ஒரு சோதனைப் பண்ணை நடத்தியது. சீனத் தேயிலைச் செடிகள் அங்கு வைத்துப் பார்க்கப்பட்டன. வணிக அடிப்படையிலான தேயிலைத் தோட்டங்கள் 1850-களின் இறுதியிலும் 1860-களிலும் தொடங்கின; தொடக்ககாலத் தோட்டங்களுள் சில கோத்தகிரிப் பகுதியைச் சேர்ந்தவை. படகர் இன மக்கள் கேழ்வரகு, சாமை முதலிய சிறுதானியங்களிலிருந்து உருளைக்கிழங்குக்கும், பின்னர் தேயிலைக்கும் மாறினர். இன்று மலையில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு தேயிலை விவசாயிகள் உள்ளனர். தேயிலைக்கு அடுத்து கேரட், முட்டைக்கோசு, பீட்ரூட், பீன்சு, பூண்டு, உருளைக்கிழங்கு ஆகியன விளைகின்றன. இக்காய்கறிகள் மேட்டுப்பாளையம் மண்டிக்குச் செல்கின்றன. நெல், மாவட்டத்தில் பெரும்பாலும் கூடலூர், பந்தலூர்ப் பகுதியின் தாழ்ந்த வயல்களில் மட்டுமே உண்டு.

ஆகவே கோத்தகிரியிலிருந்து வேளாண்மைப் பட்டயம் படிக்கச் செல்லும் மாணவர், மலையை விட்டு இறங்கி, தம் ஊரில் இல்லாத நெல்லையும் கரும்பையும் பயிரிடக் கற்றுக்கொண்டு, தம் ஊரின் முதன்மைப் பயிரான தேயிலையைப் பற்றி ஒரு பாடப்பகுதி அளவுக்கே படித்துத் திரும்பும் நிலை உள்ளது. கற்றது வீண் என்பதன்று. மண், பூச்சி, நோய் பற்றிய அடிப்படைகள் எங்கும் பொது. ஆனால் மலைக்கே உரிய மூன்று சிக்கல்களை அவர் தனியே கற்க வேண்டியுள்ளது.

சரிவு

முதலாவது நிலத்தின் சரிவு. சமவெளி வயலில் நீரைத் தேக்கி வைப்பது சிக்கல். மலையில் நீரை வெளியேற்றுவது சிக்கல், அதுவும் மண்ணை எடுத்துச் செல்லாமல் வெளியேற்றுவது. உருளைக்கிழங்குப் பாத்திகளைச் சரிவின் குறுக்கே அமைக்க வேண்டும் என்று பாடநூல் கூறும். மலை விவசாயிகள் பலர் மேலிருந்து கீழாகவே அமைக்கின்றனர். இது அறியாமையால் அன்று. குறுக்குப் பாத்தியில் மழைநீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும் என்பது அவர்களின் பட்டறிவு. இரண்டுக்கும் இடைப்பட்ட வழி, குறுக்குப் பாத்திக்கு மிகச் சிறிய வாட்டம் கொடுத்து, ஓரத்தில் புல் வளர்த்த வடிகாலில் நீரை இறக்கிவிடுவதாகும். இதைச் சொல்லால் விளக்குவது எளிது. அந்த வாட்டத்தை நிலத்தில் அளந்து கயிறு கட்டிக் காட்ட ஒருவர் வேண்டும்.

படிக்கட்டு முறையில் நிலத்தைத் திருத்தும்போது கணக்கு இன்னும் முக்கியமாகிறது. 25 விழுக்காடு சரிவுள்ள நிலத்தில், அதாவது கிடைமட்டமாக 4 மீட்டர் சென்றால் 1 மீட்டர் உயரும் நிலத்தில், 4 மீட்டர் அகலத்தில் படிகள் அமைப்பதாகக் கொள்வோம். படியின் சுவர் செங்குத்தான கல் சுவராக இருந்தால் ஒவ்வொரு படிக்கும் 1 மீட்டர் இறக்கம் போதும். கல் கிடைக்காமல் மண் சுவரை 45 பாகைச் சாய்வில் விட்டால், சுவரே கிடைமட்ட இடத்தை எடுத்துக்கொள்ளும். அப்போது இறக்கம் ஏறத்தாழ 1.33 மீட்டர் ஆகும். 5.33 மீட்டர் நிலத்தில் பயிருக்குக் கிடைப்பது 4 மீட்டர். அதாவது கால் பங்கு நிலம் சுவருக்குப் போய்விடும். அரை ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர் இதற்கு எளிதில் இசையமாட்டார். அவர் ஏன் மறுக்கிறார் என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது. சரிவு 33 விழுக்காட்டைத் தாண்டினால் படி அமைத்துக் காய்கறி பயிரிடுவதை விட, நிலத்தை மூடி நிற்கும் தேயிலை, மரங்கள், புல் போன்றவையே ஏற்றவை என்பது பொதுவான பரிந்துரை.

உதகமண்டலத்தில் 1954 முதல் இயங்கும் மண் மற்றும் நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இவ்வகை அளவீடுகளை நீண்ட காலமாகச் செய்து வருகிறது. சரிவைப் புறக்கணிப்பதன் விலை என்ன என்பதை 2009 நவம்பர் மாதம் மலை கண்டது. நவம்பர் 10 அன்று முடிந்த 24 மணி நேரத்தில் கேத்தியில் 82 செ.மீ. மழை பதிவானது. நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர், மலைப்பாதைகள் துண்டிக்கப்பட்டன. அத்தனை பெரிய மழையை எந்தப் பாத்தியும் தாங்காது. ஆயினும் வடிகால்களை அடைத்துக் கட்டுவதும், செங்குத்தான சரிவை வெட்டித் திறந்து விடுவதும் ஆபத்தைக் கூட்டுவன.

தங்க நூற்புழு

இரண்டாவது சிக்கல் கண்ணுக்கு எளிதில் தெரியாதது. 1961-இல் உதகமண்டலப் பகுதியில் உருளைக்கிழங்கு வேர்களில் ஒரு நூற்புழு கண்டறியப்பட்டது. இந்தியாவில் இப்புழுவின் முதல் பதிவு இதுவே. குளோபோடெரா ரோஸ்டோகியென்சிஸ், குளோபோடெரா பாலிடா என்ற இரு இனங்கள் இம்மலையில் உள்ளன. பெண் புழு வேரில் ஒட்டிக்கொண்டு உருண்டையாகப் பருத்து, இறந்தபின் அதன் உடலே முட்டைகளைக் காக்கும் கூடாக மாறுகிறது. முதல் இனத்தில் அக்கூடு பழுக்கும்போது பொன்னிறமாகத் தோன்றும். தங்க நூற்புழு என்ற பெயர் இதனால் வந்தது. குண்டூசித் தலையளவே உள்ள ஒரு கூட்டில் சில நூறு முட்டைகள் இருக்கும். அவை மண்ணில் இருபது ஆண்டுகளுக்கு மேலும் உயிருடன் கிடக்க வல்லவை. அருகில் உருளைக்கிழங்கு வேர் வளர்ந்து, அதன் கசிவு மண்ணில் பரவும்போது முட்டைகள் பெருமளவில் பொரிக்கின்றன.

செடி மஞ்சளாகிக் குட்டையாக நின்றால் உரம் போதவில்லை என்று எண்ணி மேலும் உரம் இடுவது இயல்பு. வேரைப் பிடுங்கிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். 1971-இல் நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கை வெளியே கொண்டு செல்வது தடை செய்யப்பட்டது. மலையின் விதைக்கிழங்கு வணிகத்துக்கு இது பேரிடி. ஆனால் புழு சமவெளிக்குப் பரவாமல் காக்க வேறு வழி இல்லை.

உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில் 1957 முதல் இயங்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம், இப்புழுவுக்குத் தாங்கும் திறன் கொண்ட குஃப்ரி சுவர்ணா, குஃப்ரி நீலிமா போன்ற இரகங்களை உருவாக்கியது. இருப்பினும் இரகம் மட்டும் போதாது. ஒரே நிலத்தில் தொடர்ந்து கிழங்கு போடாமல் முட்டைக்கோசு, கேரட், பூண்டு, பீன்சு என மாற்றிப் பயிரிட வேண்டும். நிலத்திலிருந்து நிலத்துக்கு மண் ஒட்டிய கருவியையும் சாக்கையும் கொண்டு செல்லக் கூடாது. மேலும், முட்டைக்கோசுக்கு மாறினால் அங்கே வேர்முடிச்சு நோய் காத்திருக்கிறது. புளிப்பு மண்ணில் பெருகும் அந்நோய்க்குச் சுண்ணாம்பு இட்டு மண்ணின் புளிப்பைக் குறைக்க வேண்டும். அதே சுண்ணாம்பை அளவின்றி இட்டால் உருளைக்கிழங்கில் சொறிநோய் கூடும். ஒன்றைத் தீர்க்க எடுக்கும் நடவடிக்கை மற்றொன்றைக் கிளப்பும் இச்சங்கிலியை நிலத்துக்கு நிலம் பார்த்து விடுவிப்பது, துண்டுப் பிரசுரத்தால் ஆகக்கூடிய செயலன்று.

நீலகிரியின் நோய்கள் மலையோடு நின்றுவிடுவதில்லை என்பதற்குக் கோதுமை மற்றோர் எடுத்துக்காட்டு. கோதுமைத் துரு நோயின் வித்துகள் வட இந்தியச் சமவெளியின் கோடை வெப்பத்தில் அழிந்துவிட, நீலகிரி, பழனி மலைகளில் ஆண்டு முழுவதும் பிழைத்திருந்து காற்றில் வடக்கே பரவுகின்றன என்பது அறிவியலாளர் கே. சி. மேத்தா தொடங்கிய ஆய்வுகளால் தெரியவந்தது. குன்னூரை அடுத்த வெல்லிங்டனில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் கோதுமைக்காக ஒரு மண்டல நிலையம் வைத்திருப்பதன் காரணம் இதுவே. கோதுமை அதிகம் விளையாத ஊரில் கோதுமை ஆராய்ச்சி நிலையம் எதற்கு என வியப்போர் பலர்.

தேயிலை

மூன்றாவது, தேயிலையின் விலை. இது பயிர்நூல் சிக்கலும் பொருளியல் சிக்கலும் கலந்தது. சிறு விவசாயி பறிக்கும் பச்சைத் தேயிலை சில மணி நேரத்துக்குள் ஆலைக்குச் சென்றாக வேண்டும். சேமித்து வைக்க இயலாது. எனவே அவர் விலை பேசும் வலுவற்றவர். 1960-களில் கூட்டுறவுத் தேயிலை ஆலைகள் தோன்றின. 1965-இல் அவற்றின் இணையமாக இன்கோசர்வ் குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. கோத்தகிரி வட்டத்தில் கட்டபெட்டு ஆலை இவ்வகையைச் சேர்ந்தது. எஞ்சிய இலை தனியார் ஆலைகளுக்குச் செல்கிறது. 1990-களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை கடுமையாகச் சரிந்தது. மலை அப்போது பெரும் போராட்டங்களைக் கண்டது. 2003-ஆம் ஆண்டின் தேயிலை விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணை, ஏல விலையை ஆலையும் விவசாயியும் எவ்வாறு பகிர்வது என்பதற்கு விதி வகுத்தது.

பகிர்வு விகிதம் எதுவாயினும், ஏலத்தில் தூளுக்கு நல்ல விலை கிடைத்தால்தான் பகிர ஏதேனும் இருக்கும். தூளின் தரம் கொழுந்தின் தரத்தைப் பொறுத்தது. இரு இலையும் ஒரு மொட்டும் என்பது நெறி. ஆனால் பறிக்கும் ஆள் கூலி கூடும்போது, பறிப்பு இடைவெளியை நீட்டிக் கத்தரியால் வெட்டுவது வழக்கமாகிறது. எடை கூடும்; முற்றிய இலையும் காம்பும் கலக்கும்; தூளின் விலை குறையும்; அடுத்த மாதம் பச்சைத் தேயிலை விலையும் குறையும். ஒருவர் மட்டும் நல்ல கொழுந்து பறித்தாலும், அவருடைய இலை ஆலையில் எல்லோருடைய இலையுடனும் கலந்துவிடும் என்பதால் அவருக்குத் தனிப்பயன் குறைவு. எனவேதான் தரம் உயர்த்தும் முயற்சிகள் குழு அமைப்பதிலிருந்து தொடங்குகின்றன. இங்கு தேவைப்படுவது பூச்சியியலை விட விரிவாக்கக் கல்வி. பட்டயப்படிப்பில் மாணவர்கள் பலரும் அலட்சியமாகக் கடக்கும் பாடம் அது.

கவாத்து செய்யும் ஆண்டு, கவாத்துக்குப் பின் எவ்வளவு உயரத்தில் பறிப்பு தொடங்குவது, பனிக்கும் மழைக்கும் இடையே கொப்புள நோய்க்கு எப்போது மருந்து தெளிப்பது ஆகியன தேயிலைக்கே உரிய அறிவு. கொப்புள நோய் 1946-இல் தென்னிந்தியாவுக்கு வந்தது. தெளிப்பு அன்று முதல் தோட்டங்களின் நிலையான செலவாயிற்று. வால்பாறையிலுள்ள உபாசி தேயிலை ஆராய்ச்சி நிறுவனமும், குன்னூரிலுள்ள உபாசி வேளாண் அறிவியல் நிலையமும் இவற்றில் பயிற்சி அளிக்கின்றன. பட்டயம் முடித்த மலை மாணவர் தேயிலையை முறையாகக் கற்க நாட வேண்டிய இடங்கள் இவையே.

வேளாண்மையா, தோட்டக்கலையா

நீலகிரியில் பயிர் சார்ந்த அரசுப் பணிகளைத் தோட்டக்கலைத் துறையே முன்னின்று நடத்துகிறது. பிற மாவட்டங்களில் வேளாண்மை இணை இயக்குநர் வகிக்கும் இடத்தில் இங்கே தோட்டக்கலை இணை இயக்குநர் உள்ளார். கல்லாறு, பர்லியாறு, குன்னூர் ஆகிய இடங்களிலுள்ள அரசுப் பண்ணைகளும் பூங்காக்களும் அத்துறையைச் சார்ந்தவை. கோத்தகிரி விவசாயி மானியத்துக்கும் நாற்றுக்கும் அணுகும் களப்பணியாளர் உதவித் தோட்டக்கலை அலுவலர் ஆவார்.

உதவி வேளாண்மை அலுவலர், உதவித் தோட்டக்கலை அலுவலர் ஆகிய பணியிடங்களைத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நிரப்புகிறது. முன்னதற்கு இரண்டாண்டு வேளாண்மைப் பட்டயமும், பின்னதற்கு இரண்டாண்டு தோட்டக்கலைப் பட்டயமும் அடிப்படைத் தகுதி. தம் மாவட்டத்திலேயே பணியாற்ற விரும்பும் மலை மாணவர் ஒருவர், பெயர் அறிமுகத்தால் வேளாண்மைப் பட்டயத்தைத் தேர்ந்தெடுத்தால், தம் ஊரில் மிகக் குறைவாக உள்ள பணிக்கே தகுதி பெற்றவராவார். விண்ணப்பிக்கும் நாளில் எவரும் இதை எடுத்துச் சொல்வதில்லை. தோட்டக்கலைப் பட்டயத்தில் காய்கறி, பழம், மலர், மலைத்தோட்டப் பயிர்கள், நாற்றங்கால் ஆகியன கூடுதலாக இடம்பெறுவதால் பாட அளவிலும் அதுவே மலைக்கு அண்மையது.

இப்பணியாளரின் அன்றாட வேலை பெரும்பாலும் மண் மாதிரி எடுத்தல், மானியப் பட்டியல் தயாரித்தல், பயிர்ப் பரப்பைக் கணக்கெடுத்தல், இடுபொருள் வழங்கல் என அமையும். ஒருவரின் பொறுப்பில் பல ஊர்கள் இருக்கும். பதிவேட்டு வேலை கூடக்கூட வேரைப் பிடுங்கிப் பார்க்கும் நேரம் குறைகிறது என்பது இத்துறை பற்றி நெடுங்காலமாகக் கூறப்படும் குறை.

அரசுப் பணி தவிர, தேயிலைத் தோட்டங்களில் களக் கண்காணிப்பாளர், நாற்றங்கால், விதை, உர நிறுவனங்களின் விற்பனைப் பணியாளர், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் களப்பணியாளர் ஆகிய வேலைகள் உண்டு. கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் அறக்கட்டளை 1990-களிலிருந்து பழங்குடி மக்களுடன் தேன் சேகரிப்பு, இயற்கை வேளாண்மை ஆகியவற்றில் பணியாற்றி வருகிறது. சொந்த நிலத்துக்கே திரும்புவோரும் உளர்.

இடுபொருள் விற்பனையாளர்க்கான பட்டயம்

பூச்சி தாக்கிய இலையைக் கையில் எடுத்துக்கொண்டு விவசாயி முதலில் செல்வது அலுவலகத்துக்கு அன்று, மருந்துக் கடைக்கு. மேட்டுப்பாளையமோ கோத்தகிரியோ, இந்தியாவின் எந்தச் சிற்றூரோ, இதில் வேறுபாடு இல்லை. கடைக்காரர் கூறுவதே பரிந்துரை ஆகிவிடுகிறது. இதை உணர்ந்து, ஐதராபாத்திலுள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் 2003-இல் இடுபொருள் விற்பனையாளர்களுக்கென ஓராண்டுப் பட்டயம் ஒன்றைத் தொடங்கியது. வாரம் ஒரு நாள் வீதம் 48 வாரங்கள் வகுப்பும் களப்பார்வையும் நடைபெறும். 2010-களில் உரம், பூச்சிக்கொல்லி விற்பனை உரிமத்துக்குக் கல்வித் தகுதி வேண்டும் என விதிகள் திருத்தப்பட்டபின் இதற்குத் தேவை பெருகியது.

இதுவும் பட்டயம் என்றே அழைக்கப்பட்டாலும், மேற்கூறிய அரசுப் பணிகளுக்கான இரண்டாண்டுப் பட்டயத்துக்கு ஈடாகாது. கடை நடத்துபவருக்கு உரியது இது. பள்ளி முடித்து வேலை தேடும் மாணவருக்கு உரியது அன்று.

பிற மாநிலங்களிலும் இலங்கையிலும்

ஆந்திரப் பிரதேசத்திலும் தெலங்கானாவிலும் வேளாண்மைப் பல்கலைக்கழகங்களின் கீழ் வேளாண் பல்தொழில்நுட்பப் பயிலகங்கள் உள்ளன. பத்தாம் வகுப்பு முடித்தவுடன் அவற்றில் இரண்டாண்டுப் பட்டயம் படிக்கலாம். பின்னர் 'அக்ரிசெட்' எனப்படும் தனி நுழைவுத் தேர்வின் வழியே, பட்டயதாரர்களுக்கென ஒதுக்கப்பட்ட இடங்களில் இளநிலை வேளாண்மைப் பட்டத்தில் சேரலாம். பட்டயத்தை முட்டுச்சந்தாக விடாமல் ஏணிப்படியாக்கிய ஏற்பாடு இது. மகாராட்டிரத்திலும் கருநாடகத்திலும் வட்டார மொழிவழியில் பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய வேளாண் பட்டயங்கள் நடத்தப்பட்டுள்ளன.

இலங்கையில் விவசாயத் திணைக்களத்தின் கீழ் குண்டசாலை, வவுனியா முதலிய இடங்களில் விவசாயப் பாடசாலைகள் இயங்குகின்றன. வவுனியாவில் தமிழ்வழியில் பயிலலாம். நீலகிரியைப் போலவே இலங்கை மலையகத்திலும் தேயிலையும் மலைக்காய்கறியும் அடுத்தடுத்த சரிவுகளில் விளைகின்றன. அங்கிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வேலை அளிக்கும் நோக்குடன் 1968-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம் பின்னர் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் (டான்டீ) ஆயிற்று. கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பகுதிகளில் கவாத்தும் பறிப்பும் அறிந்த கைகளில் பல அவ்வழி வந்தவை. அவற்றுக்குப் பட்டயம் எதுவும் வழங்கப்பட்டதில்லை.